கூட உழைத்தவன் நமக்கு என்ன உறவு?

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், தாராவித் தோல் தொழிலில் உழைத்து ஓய்ந்த மூத்த உறுப்பினர்கள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை.)



“பழைய நாட்களைப் பற்றி இளைஞர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள்” என்று செயற்குழு எங்களைக் கேட்டுக்கொண்டது. பழைய ஆட்கள் பழைய கதை பேசினால் அது இனிப்பாகத்தான் இருக்கும். “அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் ஒரு தாய் பிள்ளைகள் மாதிரி இருந்தோம்” என்று சொல்லிவிட்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து விடலாம். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியையும் சொல்லவே வந்திருக்கிறோம். அது கசக்கும்; பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்களில் பெரும்பாலோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் ரயில் ஏறுவது ஒன்றே வழி. தகரப் பெட்டி ஒன்று, துண்டுக் காகிதத்தில் எழுதிய அண்ணாச்சி ஒருவரின் பெயர் ஒன்று, இவை இரண்டுதான் எங்கள் சொத்து. தாதரில் இறங்கி, அந்தப் பெயரை விசாரித்துக்கொண்டே தாராவிக்கு வந்து சேர்ந்தோம். பாந்திராவில் இறைச்சிக்கூடம் இருந்த காரணத்தால் பக்கத்திலிருந்த தாராவியில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. ஊருக்கு வெளியே சதுப்பு நிலமும் கழிமுகமும் கிடந்தன. நாறுகிற தொழிலையும், அதைச் செய்கிற மனிதனையும் அங்கே ஒதுக்கி வைப்பது நகரத்துக்கு வசதியாக இருந்தது.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் பதினான்கு பேர் இருந்தோம். பகல் வேலைக்காரன் எழுந்த பாயில் இரவு வேலைக்காரன் படுப்பான். பாய் ஆறுவதற்கு நேரமே கிடையாது. எங்களுக்குள் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இருவரே. மாதம் பிறந்தால் பதினான்கு பேருக்கும் மணியார்டர் பாரம் எழுதுவது அவர்கள் வேலை. ஊரிலிருந்து கடிதம் வந்தால் அவர்கள்தான் படிக்க வேண்டும். சின்ன அறை, எல்லோர் காதிலும் விழும். ஆகவே ஒருவர் வீட்டு ரகசியம் என்று எதுவும் கிடையாது. ஒருவர் மகள் பெரியவளான சேதி வந்தால் பதினான்கு பேரும் காசு போட்டுச் சேலை வாங்கினோம். ஒருவர் தாய் இறந்த தந்தி வந்தால் பதினான்கு பேரும் அன்று உலை வைக்கவில்லை. முகம் பார்த்திராத குழந்தைகளின் பெயரெல்லாம் எங்களுக்கு மனப்பாடம்.

ஆனாலும் எங்களைக் குடும்பமாக்கியது அறை மட்டுமல்ல. வேலையும்தான். ஊறிய எருமைத் தோலை ஒற்றை ஆள் தூக்க முடியாது. அந்தப் பக்கம் ஒருவன், இந்தப் பக்கம் ஒருவன் பிடிக்க வேண்டும். ஒருவன் கை நழுவினால் மற்றவன் இடுப்பு போய்விடும். சுண்ணாம்புக் குழியில் நின்று விரலிடுக்கெல்லாம் புண்ணாகும். இராத்திரி ஒருவன் கைக்கு மற்றவன் தேங்காயெண்ணெய் தடவுவான். எங்கள் மேல் வீசிய வாடையைச் சொல்ல வேண்டாம். பஸ்ஸில் நாங்கள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போவார். அந்த வாடையோடு எங்களைத் தொட்டுப் பேசி, ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டவர்கள் கூட வேலை செய்தவர்கள் மட்டுமே. இந்தத் தொழில் யார் தலையில் கட்டப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். தாழ்த்தப்பட்ட மக்களும், இஸ்லாமியத் தோழர்களும், போக்கிடம் இல்லாத ஏழைகளும்தான் இதைச் செய்தார்கள். ஊரில் ஒரே டீக்கடையில் உட்கார முடியாதவர்கள் இங்கே ஒரே பானையில் சோறு தின்றோம். அது சின்னக் காரியம் அல்ல.

அந்தக் குடும்பம் தமிழரோடு நின்றுவிடவும் இல்லை. 1966இல் சிவசேனை தோன்றி, தென்னாட்டவர் பம்பாயில் வேலைகளைப் பறித்துக்கொள்கிறார்கள் என்று இயக்கம் நடத்திய காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்ப் பலகை தொங்கிய கடைக்காரர்கள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது எங்களோடு குழியில் நின்ற மராத்திக்காரர் ஒருவர், இராத்திரி வேலை விட்டதும் எங்களை நடுவில் விட்டுத் தான் முன்னால் நடப்பார். வழியில் யாராவது மறித்தால் அவர்தான் பதில் சொல்வார். எங்களுக்குச் சொன்னது ஒன்றே: “வாயைத் திறக்காதீர்கள், என் பின்னால் வாருங்கள்.” அவரை நாங்கள் கடைசிவரை ‘பாவு’ என்றே அழைத்தோம். மராத்தியில் அதற்குச் சகோதரன் என்று பொருள். மேடையில் பேசியவர்கள் மொழியைச் சொல்லிப் பிரித்தார்கள்; எருமைத் தோலின் மறுமுனையைப் பிடித்தவர் பிரியவில்லை.

சோறு போட்ட தாய்மார்களையும் சொல்ல வேண்டும். மில் தொழிலாளர் பகுதிகளில் ‘கானாவல்’ என்று வீட்டிலேயே சமைத்து, மாதக் கணக்கில் தொழிலாளர்களுக்குச் சாப்பாடு போட்ட பெண்கள் இருந்தார்கள். சம்பளம் வந்தால்தான் அவர்களுக்குக் காசு. அதுவரை மளிகைக்காரனிடம் கடன். வட்டியில் முழுகிக்கொண்டிருந்த அந்தப் பெண்களைத் திரட்டி, 1975இல் பிரேமா புரவ் அம்மையார் முன்னின்று அன்னபூர்ணா மகிளா மண்டலை அமைத்தார். வங்கிக் கடன் கிடைக்க வழி பிறந்தது. ‘மவுசி’, ‘தாயி’ என்று உறவு சொல்லிச் சாப்பிட்டவர்கள் லட்சம் பேர். அந்த மவுசிக்குக் கடன் எவ்வளவு என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? உறவுமுறை வாயில் இருந்தது; கணக்கு அவர்கள் தலையில் இருந்தது. இதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

1982 ஜனவரி 18ஆம் நாள் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வெளியே வந்தார்கள். மாதங்கள் ஓடின, ஓராண்டும் கடந்தது. மில் தொழிலாளர் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். பலர் திரும்பவும் முடியாமல் இங்கேயே கிடந்தார்கள். எங்கள் ‘பாவு’வின் தம்பி ஒரு மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தார். அவர் வீட்டுக்கு நாங்கள் வாரம் ஒருமுறை அரிசியும் பருப்பும் கொண்டு போனோம். “இது தர்மம் இல்லை பாவு, 1967இல் நீங்கள் நடந்து வந்ததற்கு வட்டி” என்று ஒருவர் சொன்னார். பாவு சிரித்தார், அவர் மனைவி அழுதார். வேலைநிறுத்தம் வெல்லவில்லை. மில்கள் ஒவ்வொன்றாக மூடின. ஆனால் அந்த வீட்டில் உலை அணையவில்லை.

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இந்த நகரம் எரிந்தபோது, தாராவியும் எரிந்தது. எங்களோடு வேலை செய்த பாய் ஒருவரின் பிள்ளைகள் எங்கள் குடும்பங்களுக்குள் தங்கினார்கள். எங்கள் பெண்கள் சிலர் பாய் வீட்டுப் பெண்களோடு இருந்தார்கள். யார் வீட்டில் யார் என்று எண்ணிப் பார்த்தது நிலைமை அடங்கிய பிறகுதான்.

இதுவரை சொன்னது இனிப்பு. இனி மற்றப் பாதி.

1979 மழைக்காலம். எங்களில் சிலர் வேலை செய்த ஒரு தோல் கிடங்கில் கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டது. ஊரிலிருந்து வந்து எட்டு மாதமே ஆன பையனை உள்ளே இறக்கினார்கள். பத்தொன்பது வயது. எல்லோரும் ‘தம்பி’ என்றுதான் அழைத்தோம். இறங்கியவன் இரண்டு நிமிடத்தில் சாய்ந்தான். மேலே நின்ற ஒருவர், “ஏலே, தம்பி விழுந்துட்டான்லே!” என்று கத்திக்கொண்டே குதித்தார். அவரும் சாய்ந்தார். மூன்றாவது ஆள் குதிக்கப் போனபோது இடுப்பைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினோம். கயிறு கட்டி இருவரையும் வெளியே எடுத்தபோது பெரியவருக்கு மூச்சு இருந்தது. தம்பிக்கு இல்லை.

அது என்ன என்று அன்று எங்களுக்குத் தெரியாது. பிறகு தெரிந்துகொண்டோம். தோலில் மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவோடு அமிலக் கழிவு கலந்தால் நச்சு வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது. தொட்டியின் அடியிலேயே தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வீசும். மிகுந்துவிட்டால் மூக்கின் உணர்வையே கொன்றுவிடும். நாற்றம் போய்விட்டதே என்று மனிதன் நம்பி இறங்குவான். பாசத்தால் குதிப்பவனையும் அது விடாது. நாட்டில் இன்றும் சாக்கடைக் குழிகளில் இருவர், மூவராகச் சாவதற்குக் காரணம் இதுதான். ஒருவன் விழுவான்; மற்றவர்கள் காப்பாற்றக் குதிப்பார்கள்.

முதலாளி வந்தார். கண் கலங்கினார். “நாமெல்லாம் ஒரு குடும்பம். போலீஸ், கோர்ட் என்று போனால் குடும்பம் சிதறிப் போகும்” என்றார். தம்பியின் பெயர் மஸ்டரில் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அன்று இரவு மேஸ்திரி எங்கள் அறைக்கு வந்தார். ஆளுக்கு ஐந்நூறு ரூபாய். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: அந்தப் பையன் இங்கே வேலை செய்யவில்லை, யாரையோ பார்க்க வந்தவன், கால் தவறி விழுந்தான்.

தோழர்களே, சம்பவத்தை நேரில் பார்த்தவர்கள் நாங்கள் பதினொரு பேர். பதினொரு பேரும் அவனைத் தம்பி என்றவர்கள். பதினொரு பேரும் அவனோடு ஒரே பானையில் சாப்பிட்டவர்கள். தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் முன் போய் உண்மையைச் சொன்னவர்கள் நான்கு பேர். ஏழு பேர் போகவில்லை. இந்த மேடையில் ‘நாங்கள்’ என்று சொல்லும்போது, பேசிய நால்வரில் மிஞ்சியிருப்பவர்களும் இதற்குள் இருக்கிறோம். பேசாத ஏழு பேரில் மிஞ்சியிருப்பவர்களும் இதற்குள் இருக்கிறோம். ஏழு பேரும் கெட்டவர்கள் அல்லர். ஒருவருக்கு ஊரில் மூன்று பெண் பிள்ளைகள். ஒருவருக்கு மேஸ்திரியே வட்டிக்குக் கொடுத்தவர். ஒருவர் அந்த ஐந்நூறைத் தொடவே இல்லை; பயத்தால் வாய் மட்டும் மூடிக்கொண்டார். காரணங்கள் எல்லாம் உண்மையானவை. ஆனால் பையனின் சாவும் உண்மை.

1923ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. வேலையில் இறந்தால் முதலாளி ஈடு கொடுக்க வேண்டும் என்று அது சொன்னது. ஆனால் அவன் அங்கே வேலை செய்தான் என்று காட்ட வேண்டுமே? மஸ்டரில் பெயர் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. இருந்தது கூட உழைத்தவன் வாய் ஒன்றே. ஏழைத் தொழிலாளியின் அத்தாட்சிப் பத்திரம் பக்கத்து ஆள்தான்.

பையனின் தாய் ஊரிலிருந்து வந்தார். விசாரணைக்கு விசாரணை, எங்கள் தோழர் ஒருவர் குடும்பத்தோடு தங்கினார். விசாரணையில் எங்கள் ஆளைப் பார்த்து முதலாளி தரப்பு வக்கீல், “இறந்தவர் உமக்கு என்ன உறவு?” என்று கேட்டார். சொந்தக்காரன் என்று சொல்ல வைத்து, சொந்தக்காரன் சாட்சியை நம்பலாமா என்று கேட்பது அவர் திட்டம். எங்கள் ஆள் யோசித்தார். தம்பி என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. “உறவு ஒண்ணும் இல்லைங்க. கூட வேலை செஞ்சவன்” என்றார். அந்தப் பதில் வழக்கை நிறுத்தியது. இரத்த உறவு இல்லாத ஒருவன், தன் வேலை போகும் என்று தெரிந்தும் வந்து சொல்கிறான் என்றால் அதை எப்படித் தள்ளுவது? மூன்றாண்டு இழுத்தடித்துக் கடைசியில் அந்தத் தாய்க்கு இழப்பீடு கிடைத்தது. நால்வரில் மூவருக்கு வேலை போயிற்று. வேலை போன மூவரின் வீட்டு வாடகையை, சாட்சி சொல்லாத ஏழு பேரில் ஐந்து பேர் மாதாமாதம் கொடுத்தார்கள். யாரும் அதைப் பற்றி வாய் திறந்து பேசியதில்லை. இன்றுதான் முதன்முதலாகப் பேசுகிறோம்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன?

‘நாமெல்லாம் ஒரு குடும்பம்’ என்ற வாக்கியம் ஒன்றுதான். சொல்லும் வாயைப் பொறுத்து அதன் பொருள் மாறும். கூலி கேட்கும்போது, ஓவர்டைம் கேட்கும்போது, கையுறை கேட்கும்போது முதலாளி அதைச் சொன்னால், அது கணக்கை மூடுகிற வார்த்தை. கூட வேலை செய்தவன் அதைச் சொன்னால், அது கணக்கைத் திறக்கிற வார்த்தை: இனி உன் சாவுக்கும் வாழ்வுக்கும் நான் பொறுப்பு என்று பொருள். அந்தப் பொறுப்பை ஏற்காமல் அண்ணன், தம்பி என்று அழைப்பது வெறும் வாய்ப்பழக்கம்.

தாராவியில் தோல் பதனிடும் தொழில் இன்று பழைய நிலையில் இல்லை. 1971இல் தேவனார் இறைச்சிக்கூடம் வந்தது; பிறகு பதனிடும் கிடங்குகளும் ஒவ்வொன்றாக வெளியேறின. பை, பெல்ட் தைக்கும் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே தைக்கிற பல இளைஞர்கள் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். நாம் படுத்த அதே பத்தடி அறை, ஷிப்டுக்கு ஒருவர் படுக்கும் அதே பாய். நம்மில் சிலர் இன்று அந்த அறைகளுக்கு வாடகை வாங்குகிறோம். அவர்களை நாம் என்னவென்று அழைக்கிறோம்? ‘பையா’ என்கிறோம். அந்தச் சொல்லுக்கு அண்ணன் என்று பொருள். அண்ணன் என்ற சொல்லையே ஏச்சாக்கி விட்டது இந்த நகரம்; நாமும் அதைக் கற்றுக்கொண்டோம். நம்மை ‘மதராசி’ என்று ஏசியபோது வலித்ததே, அதற்குள் மறந்துவிட்டதா?

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது, பட்டறைகள் மூடின. அந்தப் பிள்ளைகள் பலர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் நடந்தார்கள். தொழிலாளர் சிறப்பு ரயில் விடப்பட்டது மே 1ஆம் தேதிதான். அந்த நாட்களில் வாடகையைத் தள்ளி, அரிசியைப் பங்கிட்ட தமிழ்க் குடும்பங்களும் நம் தெருக்களில் இருந்தன. பூட்டைத் தொங்கவிட்டு வெளியே போ என்றவர்களும் இருந்தார்கள். இரண்டு பேரும் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

ஆகவே சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது: உங்களோடு வேலை செய்கிறவரின் முழுப்பெயர், ஊர், வீட்டார் தொலைபேசி எண் இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மாதம் பக்கத்தில் நின்ற தம்பியின் அப்பா பெயர் எங்களுக்குத் தெரியவில்லை. தந்தி கொடுக்க ஒரு நாள் தேட வேண்டியிருந்தது.

இரண்டாவது: வைப்புநிதிப் படிவத்தில் வாரிசு பெயரைச் சரிபாருங்கள். 1952ஆம் ஆண்டின் வைப்புநிதித் திட்டம் வகுத்த விதி இது: குடும்பம் உள்ளவர் குடும்பத்தாரையே நியமிக்க வேண்டும், கல்யாணத்துக்கு முன் நண்பர் பெயரை எழுதியிருந்தால், கல்யாணம் ஆனதும் அது செல்லாது. கூட உழைத்தவனைச் சட்டம் குடும்பம் என்று எண்ணாது. ஆகவே அவன் குடும்பத்துக்குப் போய்ச் சேரவேண்டியது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது நம் வேலை.

மூன்றாவது: குழிக்குள், தொட்டிக்குள், சாக்கடைக்குள் யாரையும் இறக்க விடாதீர்கள். பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் மனிதனை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஆனால் காசு ஆளைத் திருப்பித் தராது. ஒருவன் விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காதீர்கள். குதிப்பது பாசமாக இருக்கலாம்; இறங்கும் முன்பே அவன் கையைப் பிடித்து நிறுத்துவதுதான் அதைவிடப் பெரிய பாசம். அன்று எங்களில் ஒருவரும் அதைச் செய்யவில்லை.

நான்காவது: சாட்சி. கூட உழைத்தவனுக்குச் சாட்சி சொல்லி வேலை இழப்பவர் வீட்டு வாடகையைச் சங்கம் கொடுக்க வேண்டும். அதற்குத் தனி நிதி வேண்டும். ஒருவர் துணிச்சலை மட்டும் நம்பினால் பதினொன்றில் நால்வர்தான் வருவார்கள். பின்னால் சங்கம் நிற்கிறது என்று தெரிந்தால் பதினொரு பேரும் வருவோம். அந்த ஏழு பேரில் இருந்தவர்கள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறோம். இந்த நிதிக்கு மூத்தவர்கள் சார்பில் முதல் தொகையை இன்றே தலைவரிடம் கொடுக்கிறோம். மேஸ்திரியின் பணத்தை அன்று வாங்கியவர்களில் உயிரோடிருக்கும் இருவர், அந்த ஐந்நூறையும் தங்கள் சேமிப்பிலிருந்து ஒரு தொகையையும் இதில் சேர்த்திருக்கிறார்கள்.

தமிழன், மராத்தியன், பையா என்று பார்க்காமல், எந்த மொழி பேசும் தொழிலாளிக்கும் இந்த நிதி திறந்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஒரே நிபந்தனை. பாவு இறந்து பல வருடம் ஆகிறது. அவர் இருந்திருந்தால் இதைத்தான் கேட்டிருப்பார்.